தாத்தா விட்டுட்டுப் போன காசுப் பெட்டி: முதல்ல செய்ய வேண்டியதும், செய்யவே கூடாததும்

வணக்கம். தாத்தாவோ பாட்டியோ வருஷக்கணக்கா சேர்த்து வெச்ச காசுப் பெட்டி இப்போ உங்க கைக்கு வந்திருக்கு. திறந்தா கறுத்த வெள்ளி, களிம்பு ஏறின செம்பு, பழுப்பேறின கவர், உள்ள துண்டுச் சீட்டு. "கொஞ்சம் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே"ன்னு கை பரபரக்கும். தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. பற்பசை, எலுமிச்சை, வினிகர், பேக்கிங் சோடா, வெள்ளிப் பாத்திரம் துலக்குற பாலிஷ், எதுவுமே வேண்டாம். சேகரிக்கிறவங்க கண்ணுல, தேய்ச்ச காசோட மதிப்பு பாதிக்குக் கீழே போறது சாதாரணம். போனா திரும்பாது.

ஏன்னு பக்கத்துல காட்டுறேன். இந்த வெள்ளிக் காசை ஒரே ஒரு விளக்குக்குக் கீழே மெதுவா சாய்க்கிறேன். வெளிச்சம் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி சுத்தி வருது பாருங்க. காசு அடிக்கிறப்போ அச்சு ஓங்கி விழும், அப்போ உலோகம் நடுவுலேர்ந்து விளிம்புப் பக்கமா வழிஞ்சு நகரும். அப்போ கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுங்க விழும். அந்தக் கோட்டுல பட்டு வர்ற ஒளிதான் இது. இப்போ பக்கத்துல இருக்குற காசு. மினுமினுன்னுதான் இருக்கு, ஆனா சாய்ச்சா வெளிச்சம் சுத்தலை. லென்ஸ்ல பார்த்தா மயிரிழைக் கீறல் எல்லாம் ஒரே திசையில ஓடுது. துணியால தேய்ச்ச காசு இது. அந்தக் கோடுங்க அழிஞ்சுடுச்சு. வெள்ளி கறுக்குறது காத்துல இருக்குற கந்தகத்தால. அந்தக் கறுப்பு சில காசுல நீலமும் ஊதாவுமா அழகா படியும், அதுக்குன்னே கூடுதலா கொடுத்து வாங்குறவங்க இருக்காங்க.

காசைத் தொடுறப்போ கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விளிம்புல மட்டும் படணும். கீழே மடிச்ச துண்டு விரிச்சுக்கோங்க, நழுவினாலும் அடிபடாது. முகப்புல விரல் பட்டா வியர்வையில இருக்குற உப்பும் எண்ணெயும் ஒட்டிக்கும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, மாசக்கணக்குல ரேகை அப்படியே பழுப்பா எழும்பி நிக்கும். காசுக்கு நேரா குனிஞ்சு பேசவும் வேண்டாம், எச்சில் துளி பட்ட இடத்துல கரும்புள்ளி வரும்.

அடுத்தது, கவரையும் சீட்டையும் தூக்கிப் போடாதீங்க. எங்கே, எப்போ, யார்கிட்ட வாங்கினதுன்னு தாத்தா கையால எழுதி வெச்சிருந்தா, அதுதான் அந்தக் காசோட பூர்வீகம். எதையும் இடம் மாத்துறதுக்கு முன்னாடி, பெட்டி இருந்தபடியே ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் ஒவ்வொரு காசுக்கும் ஒரு எண் கொடுங்க, அதே எண்ணை அதோட கவர்லயும் பென்சிலால எழுதுங்க. ரெண்டு பக்கமும் போட்டோ, எடை, குறுக்களவு, எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல போடுங்க. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சின்னு பங்கு பிரிக்கப் போறீங்கன்னா, இந்தப் பட்டியல் முடியாம ஒரு காசு கூட நகரக் கூடாது. தலைக்கு நூறு காசுன்னு எண்ணிப் பிரிச்சா நியாயமா வராது. ஒரே ஒரு காசு மீதி தொண்ணூத்தொம்பதை விட மதிப்பா இருக்கலாம்.

உடனே கை வைக்க வேண்டிய விஷயம் ஒண்ணு உண்டு. வளைஞ்சு கொடுக்குற, பிளாஸ்டிக் வாடை அடிக்கிற பழைய பை ஆல்பம் இருந்தா அது பெரும்பாலும் பிவிசி. நாளாக ஆக அந்த பிளாஸ்டிக் சிதைஞ்சு அமிலம் விடும், காசு மேல பச்சையா பிசுபிசுன்னு ஒரு படலம் உட்காரும். விட்டா உலோகத்தையே அரிக்கும். காசை வெளியே எடுத்துடுங்க. படலம் ஏறினதுக்குத் தூய அசிட்டோன் வேணும். நகப்பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம் ரெண்டு எடுங்க. முதல் கிண்ணத்துல அஞ்சு பத்து நிமிஷம் ஊற விட்டு, ரெண்டாவதுல புது அசிட்டோன்ல அலசி, அப்படியே காய விடுங்க. துடைக்கவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பே இருக்கக் கூடாது, சட்டுனு பத்திக்கும். அசிட்டோன் படலத்தைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. அதனாலதான் இது ஒண்ணு மட்டும் பரவாயில்லைன்னு சொல்றேன். ஆனா செம்புக் காசுல வெளிறின பச்சைப் பொடியா உதிருதுன்னா அது வேற நோய். அதைத் தனியா, ஈரமில்லாத டப்பாவுல வெச்சுட்டு தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.

இப்போ அடையாளம் பார்க்குறது. 0.01 கிராம் வரைக்கும் காட்டுற தராசு, பத்து மடங்கு பெருக்கிக் காட்டுற லென்ஸ், ஒரு காந்தம், இது போதும். நாடு, வருஷம், மதிப்பு மூணையும் நூமிஸ்டாங்கிற காசு விவர இணையதளத்துல போட்டா இருக்க வேண்டிய எடையும் அளவும் வரும். காந்தம் ஒட்டினா வெள்ளியும் இல்லை, தங்கமும் இல்லை. ஒட்டலைன்னா வெள்ளிதான்னும் முடிவு பண்ணிடாதீங்க, பித்தளையும் ஈயமும் கூட ஒட்டாது.

சந்தேகம் இருந்தா அடர்த்தி பாருங்க. உதாரணத்துக்கு, பழைய அமெரிக்க வெள்ளி டாலர் 26.73 கிராம் இருக்கணும். தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு பூஜ்யம் ஆக்குங்க. காசை நூல்ல கட்டி, முழுசா முங்கணும், ஆனா அடியிலயும் பக்கத்துலயும் படாம தொங்க விடுங்க. தராசு 2.59 பக்கம் காட்டினா, 26.73-ஐ அதால வகுத்தா 10.3. தொண்ணூறு சதவீத வெள்ளிக்கு சரியான எண். வகுத்து 8.9 பக்கம் வந்தா செம்பு நிக்கல். காசுல காத்துக் குமிழி ஒட்டியிருந்தா கணக்கு தப்பும், லேசா ஆட்டி விடுங்க. தண்ணியை ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வார்த்து எடுத்த போலின்னா லென்ஸ்லயே மாட்டிக்கும்: ஊசி குத்தின மாதிரி குழி, மழுங்கின எழுத்து, விளிம்பைச் சுத்தி ஒட்டின தடம்.

வருஷத்தைப் பார்த்து மயங்காதீங்க. மரியா தெரசா தாலர்னு ஆஸ்திரிய வெள்ளிக் காசு, பெரும்பாலும் 1780-ன்னுதான் இருக்கும். அந்த ராணி செத்துப் போன வருஷம் அது. அதுக்கப்புறமும் வியன்னா, லண்டன், பம்பாய்னு பல நாணயச் சாலைகள்ல அதே வருஷம் போட்டு அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஆயிரத்து அறுநூறு வருஷப் பழசான சின்ன ரோமச் செம்புக் காசு கூட மலிவாத்தான் கிடைக்குது, ஏன்னா அவ்வளவு அடிச்சிருக்காங்க. எத்தனை மிஞ்சியிருக்கு, எந்த நிலையில இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, விலை இதுலதான்.

பத்திரப்படுத்துறதுக்கு மைலார் பை, அதாவது பிவிசி இல்லாத பாலியெஸ்டர் பை, நல்லது. காசை நடுவுல வெச்சு மடிச்சு ஸ்டேப்ளர் அடிக்கிற அட்டைன்னா பின் முனையைக் குறடால நசுக்கிடுங்க. காசை எடுக்கும்போது முதல்ல பின்னைப் பிடுங்குங்க, இல்லைன்னா அது காசைக் கீறிடும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் பக்கத்துலயே இருக்க வேண்டாம், வெள்ளியைக் கறுக்க வெச்சிடும். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சூடும் குளிரும் மாறி மாறி அடிக்காத அலமாரியில வைங்க.

விலை கேட்கப் போனா, வாங்க ஆசைப்படுறவர் சொல்றதை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு மூணு பேர்கிட்ட தனித்தனியா காட்டுங்க, பட்டியல் கையில இருக்கட்டும். "வெச்சுட்டுப் போங்க, பார்த்துட்டுச் சொல்றேன்"னா, காசைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க.