கடலுக்கு அந்த நீலம் போதாது

வணக்கம் உறவுகளே. படம் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். திருகோணமலை டச் பே கடற்கரையில் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன், இடையில் கேட்கிற இரைச்சல் காற்று. என் கையைப் பாருங்கள், மூன்று தரம் சோப் போட்டுக் கழுவியும் நகத்துக்குள் நீல மை அப்படியே இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பினால் பாதி மறந்துவிடும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்று மாலை நம்முடைய ஊர்க் கலைக்கூடத்தில் எல்லாருக்குமான கலை மாலை ஒன்று வைத்தார்கள். ஐந்தரைக்குத் தொடக்கம், கட்டணம் இல்லை. படம் கீறலாம், அச்சுப் பதிக்கலாம், பாய் இழைக்கப் பழகலாம், முடிவில் முற்றத்தில் கூத்து.

உண்மையைச் சொன்னால், ஓவியக் கண்காட்சி என்றாலே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர் வேறொரு ஊரில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது, வாசலில் நின்றவர் "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார். படம் பார்க்க வந்தேன் என்று சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை, திரும்பி வந்துவிட்டேன். இன்று வாசலில் ஒரு அக்கா பழைய சட்டை ஒன்றைக் கையில் தந்து, "இதை மேலே போடுங்கள் தங்கச்சி, மை பட்டால் போகாது" என்றார். உள்ளே போக அது போதுமாக இருந்தது.

முதலில் லினோ மேசை. லினோ என்பது ரப்பர் மாதிரி ஒரு தகடு. சின்ன உளியால் அதில் செதுக்கி, ரோலரால் மை பூசி, மேலே தாளை வைத்துத் தேய்க்க வேண்டும். செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும், செதுக்காத இடத்தில் மை பிடிக்கும். தேய்ப்பதற்கு அங்கே என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? சிரட்டை! நன்றாக மினுக்கிய தேங்காய்ச் சிரட்டையின் முதுகு. கை வழுக்காமல், தாளும் கிழியாமல் என்ன அழகாகப் போகிறது.

எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி, பத்து வயது இருக்கும். தன் அப்பப்பாவின் வள்ளத்தின் பெயரைச் செதுக்கினான். அரை மணித்தியாலம் தலை நிமிரவில்லை. தாளை உரித்துப் பார்த்தால் பெயர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பிக் கிடக்கிறது, கொம்பு எல்லாம் மறுபக்கம். அவன் முகம் வாடிவிட்டது. சொல்லிக்கொடுத்த அண்ணா ஒன்றும் பேசாமல் அந்தத் தாளை எடுத்து யன்னல் கண்ணாடியில், மைப்பக்கம் வெளியே பார்க்கும்படி ஒட்டினார். வெளியே வெளிச்சம் இருந்ததால் பின்பக்கத்தால் எழுத்துகள் சரியாகத் தெரிந்தன. "இப்போது தெரிகிறதைப் பார்த்துக் கீறு, அந்தத் தாளைக் கவிழ்த்து லினோவில் வைத்துச் செதுக்கு" என்றார். தம்பி இரண்டாவது தகட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்துவிட்டான்.

சரி, நான் உங்களுக்குச் சொல்ல ஓடி வந்தது அடுத்த விஷயம்தான். நடு மண்டபத்தில் ஒரு சுவர் நீளத்துக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அதில் கரையின் கோடு மட்டும், மெல்லிய பென்சிலில். துறைமுகம், கொட்டியாரக் குடா, வடக்கே நிலாவெளிப் பக்கம். வருகிறவர்கள் தங்களுடைய இடத்தைத் தாங்களே கீற வேண்டும். பிள்ளைகள் முதலில் போட்டது நம் ஊருக்குள் திரிகிற மான்! கோட்டைக்குள்ளும் மான், கடைத்தெருவிலும் மான், கடற்கரையிலும் மான். ஒரு அம்மா கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எண்ணி ஏழாகவே போட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோட்டை வாசலில் இரண்டு மீன்களைக் கீறினார். அந்த வாசல் கல்லில் இருக்கிற பாண்டியரின் இரட்டை மீன் அது. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள் என்று கீறிக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொன்னார். அந்த வாசலால் எத்தனை தரம் போயிருப்பேன். ஒரு நாளும் நின்று அந்த மீனைப் பார்த்ததில்லை. நாளைக் காலை போய்ப் பார்க்கப் போகிறேன்.

அப்புறம் ஒரு மீன்பிடிக்கிற ஐயா வந்தார். சாரம், தோளில் துவாய். வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். பிரஷைக் கொடுத்தால் "எனக்குக் கீறத் தெரியாது பிள்ளை" என்று விலகினார். ஆனால் இடத்தை விட்டுப் போகவில்லை. நான் துறைமுக வாய்க்கு வெளிர்நீலம் பூசிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "கடலுக்கு அந்த நீலம் போதாது" என்றார். அந்த இடம் திடீரென்று ஆழமாக இறங்கிவிடுமாம், வலை போடுகிறவர்களுக்கு அது நல்லாகத் தெரியுமாம். உண்மைதான், நம் துறைமுக வாயிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்டவே திமிங்கிலம் வருவதும் அந்த ஆழத்தால்தான். "எங்கே இருந்து எங்கே வரை ஐயா?" என்று கேட்டேன். விரலால் காட்டினார். விரல் போன வழியில் கருநீலம் பூசினேன். இரண்டு தரம் "இல்லை, இன்னும் உள்ளே" என்றார். மூன்றாவது தரம் பிரஷை என் கையிலிருந்து அவரே வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற இடத்தில், மாரி காலத்துக் கலங்கல் தண்ணீர் கடலுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று மண்ணிறத்தில் ஒரு நாக்கு இழுத்தார். ஓரத்தைத் துவாய் நுனியால் ஒற்றி ஒற்றி மங்கலாக்கினார். உண்மையில் தண்ணீர் கலக்கிற மாதிரியே இருந்தது. இந்தக் கடலை இவ்வளவு தெரிந்த ஒரு மனிதரின் கையில் இதுவரை யாரும் ஒரு பிரஷைக் கொடுக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

பாய் இழைக்கிற இடத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா, இருந்தார். பாய்க்கான பன் புல்லை ஈரத்துணியில் சுற்றி வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். "நனைக்காமல் மடித்தால் முறிந்துவிடும் மகள்" என்று என் விரலைப் பிடித்துக் காட்டினார். எனக்கு நாலு வரிசைதான் வந்தது. 2009 இல் பாலம் திறக்கும் முன்னர் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் கடந்து வர வேண்டும், அந்த நாளில் இப்படி இரவு நிகழ்ச்சிக்கு வருவதை நினைத்தே பார்க்க முடியாது என்றார். இப்போதும் பஸ்ஸைப் பார்த்துத்தான் எழும்ப வேண்டியிருக்கிறது. கூத்து தொடங்க அவர் புறப்பட்டுவிட்டார். ஏற்பாடு செய்தவர்கள் இதைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கூத்தை முதலில் வையுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களும் இருந்து பார்க்கட்டும்.

கூத்து கொஞ்ச நேரம்தான், வடமோடி என்கிற கூத்து வகையில் ஒரு துண்டு. மேடை இல்லை, முற்றமே வட்டக்களரி, நாங்கள் சுற்றிவர நிலத்தில் இருந்தோம். கூத்தை நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்ததும் மடியில் இருந்த குழந்தைகள்கூட எழும்பிவிட்டார்கள். அதைப் படம் எடுக்கவில்லை, போனை வைத்துவிட்டுப் பார்த்தேன்.

வெளியே வரும்போது தம்பியின் இரண்டாவது தாள் கொடியில் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. வள்ளத்தின் பெயர் நேராக இருந்தது. அந்தத் துணியை இன்னும் கழற்றவில்லை, அடுத்த மாலைக்கும் அப்படியே இருக்குமாம். தெற்குப் பக்கம் நிறைந்துவிட்டது. வடக்கே குச்சவெளியும் புல்மோட்டையும் வெறும் வெள்ளையாகக் கிடக்கின்றன. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் பார்க்கிறீர்கள் என்றால் வாருங்கள். புல்மோட்டைக் கறுப்பு மண் எந்தக் கறுப்பு என்று எங்களுக்கு இங்கே தெரியாது.