ஒரு சொல்லுக்காக நான்கு இரவுகள்: டார்வின், கடவுள், ஒரு குளவி

வணக்கம். முதலில் இந்த இரண்டு தாள்களையும் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். இடது கையில் இருப்பது 1859 நவம்பரில் வெளிவந்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்பின் கடைசிப் பக்கம். வலது கையில் இருப்பது 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கம். இடையில் ஏழு வாரம்கூட ஆகவில்லை.

முதல் பதிப்பின் கடைசி வாக்கியம், ஆதியில் சில வடிவங்களுக்குள்ளோ ஒரே ஒரு வடிவத்துக்குள்ளோ உயிர் ஊதப்பட்டது என்கிறது. ஊதியது யார் என்று இல்லை. இரண்டாம் பதிப்பில் அதே இடத்தில் ‘படைத்தவரால்’ என்று சேர்ந்திருக்கிறது!

இது ஊரறிந்த விஷயம்தான், நான் முதலில் கண்டதல்ல. ஆனால் என் கண்ணால் பார்க்காமல் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு இரவுகள் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு இறுதி அத்தியாயத்தை இரண்டிலும் ஒப்பிட்டேன். எனக்குக் கிடைத்த இரண்டாம் பதிப்பின் படியில் எல்லாப் பக்கமும் பளிச்சென்று இருக்கிறது, கடைசிப் பக்கம் மட்டும் மங்கல். வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் தெரியவில்லை! இன்னொரு படியைத் தேடினேன், அதில் பக்கமே இல்லை. மூன்றாவது படியில்தான் கிடைத்தது. அந்த நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

சரி, ஏன் இந்தப் பாடு? போன மாதம் பரிணாமத்துக்குச் சான்றாகத் திமிங்கிலத்தின் இடுப்பெலும்பைப் பற்றிப் பேசினேன் அல்லவா, அதிலிருந்து இரண்டு தரப்பும் என்னை நெருக்குகின்றன. “பரிணாமத்தை ஏற்றால் கடவுளை விடு” என்கிறார் ஒருவர். “கடவுளை நம்பினால் பரிணாமத்தை விடு” என்கிறார் மற்றவர். இரண்டும் ஒரே வாக்கியம்தான், திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த மிரட்டல் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அந்த ஒரு சொல்லை வைத்தே சண்டை போடுகிறார்கள். டார்வினும் படைத்தவரை ஒப்புக்கொண்டார் பாருங்கள் என்று இரண்டாம் பதிப்பை நீட்டுபவர்கள், 1863-இல் அவர் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தைக் காட்டுவதில்லை. ஊராருக்குப் பணிந்து வேதாகமச் சொல்லைப் பயன்படுத்தியதற்காக வருந்துகிறேன், ஏதோ அறியப்படாத ஒரு முறையில் உயிர் தோன்றியது என்பதையே சொல்ல நினைத்தேன் என்று அதில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை மட்டும் நீட்டுபவர்களோ, 1872-இல் வந்த ஆறாம் பதிப்பு வரைக்கும் அந்த வாக்கியத்திலிருந்து அவர் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லை என்பதைச் சொல்வதில்லை. பாதியைக் காட்டி மீதியை மறைப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

ஒரு நிமிடம், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அதே இரண்டாம் பதிப்பின் இறுதி அத்தியாயத்தில் இன்னொரு சேர்க்கையும் உண்டு. தானே வளர்ந்து வேறு வடிவங்களாகும் திறமையோடு சில மூல வடிவங்களைக் கடவுள் படைத்தார் என்று கருதுவதும் அவரைப் பற்றிய உயர்வான எண்ணமே என்று ஒரு மதகுரு தமக்கு எழுதியதாக டார்வின் சேர்த்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அவர் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த சார்லஸ் கிங்ஸ்லி. நூல் வெளியாகும் முன்பே படித்துவிட்டு எழுதிய கடிதம் அது. ஆக, சமரசம் பேசிய முதல் குரல்களில் ஒன்று பிரசங்க மேடையிலிருந்தே வந்திருக்கிறது. 1879-இல் டார்வினே ஒரு கடிதத்தில், ஒருவர் தீவிர இறைநம்பிக்கையாளராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியுமா என்று சந்தேகிப்பதே அபத்தம் என்று எழுதினார். தம்மை அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர், என்று சொல்லிக்கொண்டவர் எழுதிய வரி இது.

என் கருத்தைக் கேட்டால், எல்லா நம்பிக்கையோடும் சமரசம் முடியாது. பூமி சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறு நாளில் உண்டானது, ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியாக வந்தது என்று எழுத்துக்கு எழுத்து நம்பினால், ஏறத்தாழ 454 கோடி ஆண்டு வயதுள்ள பூமியோடு அது ஒட்டாது. நம் இரண்டாம் குரோமோசோமோடும் ஒட்டாது. குரங்கினத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நம்மில் ஒன்றாக இணைந்திருக்கின்றன, ஒட்டிய தழும்பு நடுவிலேயே தெரிகிறது. ஆனால் இருப்பவை அனைத்துக்கும் ஆதாரமாக ஒருவர் இருக்கிறார் என்பதுதான் நம்பிக்கை என்றால், அதைத் தழும்பு எதுவும் மறுப்பதில்லை. நான் இருப்பது அங்கேதான்.

மச்சம், கூர்மம், வராகம் என்று அவதாரங்களை வரிசையாக அடுக்கி, பரிணாமத்தை அன்றே சொல்லிவிட்டோம் என்பவர்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. பரிணாமம் ஏணி அல்ல, கிளைவிட்ட மரம். ஆமையிலிருந்து பன்றி வரவில்லை. அவதாரக் கதைக்கு அதற்கே உரிய மகிமை இருக்கிறது, அதை ஏன் பாடப்புத்தகமாக்க வேண்டும்?

எனக்கு உண்மையில் கடினமாக இருப்பது வேறு. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்? இறைவனை நினைத்து நினைத்து அடியார் அவனாகவே ஆவதற்கு அது உவமை. புழு ஒருநாளும் குளவியாவதில்லை. மண்கூடு கட்டும் குளவி கூட்டுக்குள் முட்டையிட்டு, புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உள்ளே அடைத்து மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. வெளியே வருவது தின்ற குஞ்சுதான். இக்நியூமன் குளவிகளில் பல, உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகின்றன.

இதுதான் டார்வினையும் உறுத்தியது. 1860 மே மாதம், அமெரிக்கத் தாவரவியலாளரும் ஆழ்ந்த கிறித்தவருமான ஆசா கிரேவுக்கு எழுதும்போது, அன்பும் சர்வவல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே இந்தக் குளவிகளைப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்றார். இதைத்தான் நான் பெரிய கேள்வியாக நினைக்கிறேன். குரோமோசோம் என் நம்பிக்கையைத் தொடவில்லை, இந்தப் புழு தொடுகிறது. கடவுள் இயற்கைக்குச் சுதந்திரம் கொடுத்தார், வலி அதன் விலை என்று சிலர் பதில் சொல்கிறார்கள். அதைப் புழுவின் பக்கம் நின்று சொல்லிப் பார்த்தேன், வாய் வரவில்லை.

கிரே கடைசிவரை நம்பிக்கையை விடவில்லை, டார்வினுக்காக வாதாடுவதையும் விடவில்லை. அவர்கள் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை வரிசையாக வாசித்துவருகிறேன், ஸ்கேல் இல்லாமல். அந்த மே மாதக் கடிதத்தைத் தாண்டி இன்னும் போகவில்லை.