கப்பலின் உச்சியில் ஏன் இவ்வளவு சிறிய குளம்?

[காட்சி: நாமக்கல் அருகே ஒரு டேங்கர் பட்டறை. மூடப்படாத தொட்டியின் உட்புறம்.]

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் தண்ணீர்த் தொட்டியை மூடுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்தால், குறுக்கே துளையிட்ட தடுப்புத் தகடுகள் பற்றவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பாதி நிரம்பிய லாரியைத் திம்பம் இறக்கத்தில் ஓட்டிய ஓட்டுநருக்கு அவற்றின் அருமை தெரியும். பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகும் உள்ளிருக்கும் தண்ணீர் முன்னோக்கிப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். இதே தண்ணீரைத் தடுப்புத் தகடு எதுவும் இல்லாமல், பன்னிரண்டு மாடி உயரத்தில், ஆடும் கப்பலின் உச்சியில் வைப்பதாக எண்ணிப் பாருங்கள். சொகுசுக் கப்பலின் நீச்சல் குளம் என்பது அதுதான்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் புறப்பட்டதற்குப் பிறகு, கோவை, ஈரோடு, திருப்பூர்க் குடும்பங்கள் பலவும் அந்தப் பயணத்தை விசாரிக்கத் தொடங்கியிருக்கின்றன. போய்வந்தவர்கள் சொல்லும் முதல் குறை குளத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு அறுபதடிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு, நெஞ்சளவுத் தண்ணீர் ஏமாற்றமாக இருப்பது இயல்புதான். ஆனால் அந்தச் சிறுமைக்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

[காட்சி: குளத்தின் குறுக்குவெட்டு வரைபடம்.]

பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 75,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதன் எடை 75 டன், கடல்நீராக இருந்தால் இன்னும் சற்று அதிகம். நம் ஊரில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஆறு லாரிச் சுமைக்கும் மேலான எடை அது. எடை உயரத்தில் ஏற ஏறக் கப்பலின் ஈர்ப்பு மையமும் மேலே ஏறுகிறது; சாய்ந்த கப்பலை மீண்டும் நிமிர்த்தும் விசை குறைகிறது. அதைவிடக் கவலைக்குரியது, அந்த எடை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இடப்பக்கமே ஓடி, சாய்வை மேலும் கூட்டப் பார்க்கிறது. இந்த விளைவு குளத்தின் அகலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. அகலம் இரு மடங்கானால் விளைவு எட்டு மடங்காகிறது. எனவே ஒரே பெரிய குளத்தைவிடப் பல சிறு குளங்களே பாதுகாப்பானவை. 2024 ஜனவரியில் முதல் பயணம் தொடங்கிய, ஏறத்தாழ 365 மீட்டர் நீளமுள்ள ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் ஏழு குளங்கள் இருக்கின்றன.

ஆடி மாதத்தில் மரத்தில் கட்டும் தூரியை, அதாவது ஊஞ்சலை, நினைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளுகூட அதை மரக்கிளை வரை உயர்த்திவிடும். குளத்து நீருக்கும் அப்படி ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. கப்பலின் ஆட்டம் அதனோடு ஒத்துப்போனால், குளத்துக்குள் எழும் அலை ஆளையே தூக்கிக் கரையில் எறியும். கடல் சீறும் நாளில் ஊழியர்கள் நீரை வடித்து, மேலே வலை கட்டிவிடுவது இதற்காகத்தான். அந்த வலையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் குளம் இருந்தது. ஆனால் அது உச்சியில் இல்லை, கப்பலின் கீழ்ப்பகுதியில், எஃப் தளத்தில், கூரைக்கு அடியில் இருந்தது. எடை கீழே இருப்பது கப்பலுக்கு நல்லது. பிற்காலப் பயணிகள் வெயிலை நாடியபோது குளமும் மேலே ஏறியது.

[காட்சி: குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள்.]

வெயிலோடு சாய்வு நாற்காலிச் சண்டையும் வந்தது. பொங்கலுக்கு முன்நாள் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே பழக்கம் அங்கும் இருக்கிறது: விடியற்காலையிலேயே துண்டை விரித்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சில நிறுவனங்களின் ஊழியர்கள் 40 நிமிடம் வரை பார்த்துவிட்டு, ஆளில்லாத நாற்காலியின் துண்டை எடுத்துவிடுகிறார்கள். அந்த விதி நியாயமானது என்பதே என் கருத்து. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பெரும்பாலோர் ஊர் பார்க்க இறங்கிவிடுவதால், பெரியவர்களை நிழல் விழும் நாற்காலியில் அமர்த்த அந்த நாளே ஏற்றது. கடற்காற்று சூட்டை மறைத்துவிடும் என்பதால் அவர்களுக்கு அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயிர்காப்பாளர் எல்லாக் கப்பல்களிலும் இருப்பதில்லை. பல கப்பல்களில் அறிவிப்புப் பலகை மட்டுமே இருக்கும். கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து பழகிய பிள்ளைகள், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அப்படிப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும். குளத்தில் இறங்குவதற்கு முன்பே இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கரையிலேயே இருங்கள்.