மலைமேல் மீன் தொட்டி: மருந்துக்கு முன்னால் தெர்மாமீட்டர்

[காட்சி: தொட்டியின் அடியில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும் ஆரஞ்சு நிற கோல்டு ஃபிஷ். பின்னால் ஜன்னல், அதற்கு வெளியே மூடுபனி.]

வணக்கம். கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். ஜனவரி மாதம், காலை ஆறரை மணி, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டுதான் இதை எடுக்கிறேன். திரையில் தெரிகிற மீனைப் பாருங்கள். நேற்று சாயங்காலம் கொஞ்சம் மந்தமாக இருந்தது, குளிர்தானே என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு வாலில் ரவை ஒட்டின மாதிரி நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது. நடுநடுவே போய்க் கல்லில் உரசுகிறது.

இப்படி ஒன்றைப் பார்த்ததும் நாம் என்ன செய்வோம்? மீன் கடைக்கு போன் போடுவோம், அவர் சொல்கிற நீல மருந்தைப் பத்து சொட்டு ஊற்றுவோம், மூன்று நாள் கழித்து நிறுத்திவிடுவோம். தொட்டி வைத்த முதல் வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். புள்ளி மறைந்தது, சந்தோஷப்பட்டேன், பத்து நாளில் தொட்டி முழுக்கப் புள்ளி. ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைக்காரர் பேரில் தப்பில்லை, அவர் இருப்பது மலைக்குக் கீழே. அங்கே தண்ணீர் தானாகவே 28 டிகிரி இருக்கும், மருந்துப் புட்டியில் அச்சடித்த கணக்கும் அந்தத் தண்ணீருக்கு எழுதினதுதான். நம்முடைய தொட்டியில் இன்று காலை 15.

[காட்சி: தெர்மாமீட்டரின் கிட்டப் பார்வை.]

அதனால் மருந்துப் புட்டியைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற பட்டை வகை வேண்டாம், அது பாதி அறைக் குளிரைத்தான் காட்டும். தண்ணீருக்குள் போடுகிற வகையாக வாங்குங்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அவலாஞ்சியில் 1900களின் தொடக்கத்திலிருந்தே டிரவுட் மீன் வளர்க்கிறார்கள், ஏனென்றால் அந்த மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும், இந்த மலை அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் நம் தொட்டிக்கு வருகிற கப்பி, மாலி, ஃபைட்டர் எல்லாம் வெப்ப நாட்டு மீன்கள். பெரும்பாலும் சென்னை கொளத்தூர் பக்கம் வளர்ந்து, கோயம்புத்தூர் வந்து, பிளாஸ்டிக் பையில் கல்லாறு கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மேலே ஏறி வருகிறவை. அந்தப் பையைப் பதினைந்து நிமிஷம் மிதக்கவிட்டுத் தொட்டியில் கொட்டினால் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறக்கம். மீனுக்கு அந்த அதிர்ச்சியிலேயே எதிர்ப்பு சக்தி படுத்துவிடும், ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வந்த கிருமிக்கு அது விருந்து.

ஆபீஸ் மேஜையில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றை ஃபைட்டர் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். "சாப்பிட மாட்டேங்குது, அடியிலேயே கிடக்குது, என்ன நோய்?" என்று எனக்கு வருகிற கேள்விகளில் பாதி அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான். அது நோயே இல்லை, குளிர். ஃபைட்டருக்கு 25லிருந்து 28 டிகிரி வேண்டும், குன்னூர் ஆபீஸில் ராத்திரி எவ்வளவு இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ஹீட்டர் போட்டதும் இரண்டே நாளில் கண்ணாடிக்கு வெளியே விரலைக் காட்டினால் சண்டைக்கு வரும்.

சரி, வெப்பநிலை பார்த்தாயிற்று. அடுத்தது தண்ணீர். மீன் செவுள் வழியாக அம்மோனியா என்ற விஷத்தை வெளியே விடுகிறது, ஃபில்டருக்குள் குடியிருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதுத் தொட்டியில் அந்தக் குடித்தனம் அமைய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், குளிரில் இன்னும் இழுக்கும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன் விட்டுவிட்டு, இரண்டாவது வாரத்தில் வரிசையாகச் சாகிறது என்றால் பாதிக்கு மேல் இதுதான் காரணம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்திருந்தால் அம்மோனியாவைச் சந்தேகப்படுங்கள், பழுப்பாக இருந்தால் நைட்ரைட். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள், ஒரு மீன் வாங்குகிற காசை அதில் போடலாம். அம்மோனியா தெரிந்தால் தீனியை நிறுத்தி, தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இந்த நிலைமையில் எந்த மருந்தும் உதவாது, மெத்திலீன் ப்ளூவைப் போட்டால் ஃபில்டரில் இருக்கிற கொஞ்சநஞ்ச நல்ல பாக்டீரியாவும் காலி.

தண்ணீர் மாற்றும்போது குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றக் கூடாது. குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் குளோரின் நீக்கி இரண்டு சொட்டு. அப்புறம் சூடு. எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி வாளியில் கலந்து, தொட்டி என்ன டிகிரியோ அதே டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கீசர் தண்ணீரை நான் சேர்ப்பதில்லை, உள்ளே செம்பு இருந்தால் மீனுக்கு ஆகாது.

நம் மலைத் தண்ணீரில் இன்னொரு விஷயமும் உண்டு. பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து வந்தாலும் ரேலியா அணையிலிருந்து வந்தாலும் இது மெல்லிசான தண்ணீர், சுண்ணாம்புச் சத்து கம்மி. குடிக்க அமிர்தம், பருப்பு சட்டென்று வேகும், ஆனால் மாலிக்கும் கப்பிக்கும் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். மாலி ஒரே இடத்தில் நின்று, முன்னேறாமல், உடம்பை மட்டும் நெளித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் கிருமியைத் தேடாதீர்கள், பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கைப்பிடி கிளிஞ்சல் ஓட்டை நன்றாகக் கழுவித் துணிப் பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டால் மெதுவாகக் கரைந்து சரிசெய்யும். தண்ணீர் திடீரென்று அமிலமாகிவிடாமல் காப்பதும் அதுதான்.

[காட்சி: மறுபடியும் கோல்டு ஃபிஷ். டார்ச் வெளிச்சத்தில் வால்.]

இப்போது நம்ம ஆளிடம் வருவோம். வெப்பநிலை 15, அம்மோனியா இல்லை, புள்ளி இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்கிறேன், தங்கப் பொடி தூவின மாதிரி மினுங்கினால் அது வெல்வெட் நோய், வேறு ஒட்டுண்ணி. பஞ்சு பஞ்சாக இருந்தால் பூஞ்சணம், அது குளிர்ந்த தண்ணீரில் காயம் பட்ட இடத்தில் வரும். இது இரண்டும் இல்லை, தனித்தனியான ரவைப் புள்ளி. வெண்புள்ளி நோய்தான்.

இந்த ஒட்டுண்ணியின் ஜாதகத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் முதல் வருஷம் ஏமாந்த இடம் இதுதான். நீங்கள் பார்க்கிற வெள்ளைப் புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது, மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து கூழாங்கல்லில் போய் ஒட்டி, ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் குட்டியாகப் பிரிகிறது. அந்தக் குட்டிகள் நீந்தி வெளியே வந்து ஓரிரு நாளில் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவுதான். மருந்தும் உப்பும் வேலை செய்வது அந்தக் குட்டிகள் நீந்துகிற நேரத்தில் மட்டும். அதனால் புள்ளி மறைந்தது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, மீனிலிருந்து கல்லுக்கு வீடு மாறியிருக்கிறது.

இந்தச் சுற்று முழுக்க முடிய 24–26 டிகிரியில் 3 முதல் 6 நாள். 7 டிகிரியில் 5 வாரத்துக்கும் மேலே. நம் தொட்டி நடுவில் எங்கேயோ நிற்கிறது. மூன்று நாள் மருந்து போட்டு நிறுத்தினால் கல்லில் ஒட்டினது இன்னும் தூங்கி எழுந்தே இருக்காது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, குளிரிலேயே வாரக்கணக்கில் மருந்து போட்டுக்கொண்டிருப்பது, அது மீனுக்கும் தண்டனை. மற்றது, தண்ணீரைச் சூடாக்கி ஒட்டுண்ணியை அவசரப்படுத்துவது, சீக்கிரம் வெளியே வா, உனக்கு உப்பு வைத்திருக்கிறேன் என்று. நான் இரண்டாவது கட்சி.

ஹீட்டர் கீழ்நாட்டில் லிட்டருக்கு ஒரு வாட் போதும் என்பார்கள், இங்கே இரண்டு வாட் கணக்கு வையுங்கள், 50 லிட்டருக்கு 100 வாட். ஒரேயடியாக ஏற்றாதீர்கள், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். 15லிருந்து 26 போக எனக்கு ஒரு முழு நாள் ஆகும். கோல்டு ஃபிஷ் என்பதால் 26இல் நிறுத்துகிறேன், கப்பி மாதிரி மீன் என்றால் 29, 30 வரை போகலாம். விலை குறைந்த ஹீட்டரில் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு மீனை வேகவைத்துவிடும், எனக்கே நடந்திருக்கிறது, அதனால் தெர்மாமீட்டரை ஹீட்டருக்கு எதிர் மூலையில் போடுங்கள். தண்ணீர் எடுக்கும்போது ஹீட்டர் ஸ்விட்சை அணையுங்கள்.

இன்னொன்று, கீழே இருக்கிறவர்கள் சொல்லித்தராதது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் இங்கே காற்றழுத்தமே கடற்கரையில் இருப்பதில் முக்கால்வாசிதான். கடல் மட்டத்தில் 30 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், ஊட்டியில் அதே தண்ணீர் பிடிப்பது 5.7 அளவுதான். ஏற்கெனவே செவுளில் ஒட்டுண்ணி இருந்து மூச்சுத் திணறுகிற மீன் அது. எனவே ஹீட்டர் போடுகிற அன்றே ஏர் பம்ப்பும் ஓட வேண்டும், ராத்திரி சத்தம் போடுகிறது என்று அணைக்காதீர்கள்.

உப்பு சமையலறைக் கல்லுப்புதான், லிட்டருக்கு 2 கிராம். என்னுடையது 40 லிட்டர், ஆக 80 கிராம், அதை மூன்றாகப் பிரித்து அரை நாள் இடைவெளியில் கரைத்து ஊற்றுகிறேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த தண்ணீருக்கு வெறும் தண்ணீர் விடுங்கள், மாற்றி எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்புச் சேர்த்து விடுங்கள். தொட்டியில் கோரி, லோச் மாதிரி அடியில் மேய்கிற மீன்கள் இருந்தால் பாதி உப்போடு நிறுத்துங்கள், செடி இருந்தால் மீனைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள். ஆனால் செடித் தொட்டியிலும் ஒட்டுண்ணி காத்திருக்கும், அதில் சில வாரம் மீன் இல்லாமல் விட்டால் பட்டினியால் தீர்ந்துவிடும்.

கடையில் கிடைக்கிற பச்சை மருந்தில் பெரும்பாலும் மாலகைட் கிரீன் இருக்கும். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கையில் படக் கூடாத சரக்கு, கையுறை போடுங்கள், குழந்தைகளை எட்ட வையுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தையெல்லாம் உறிஞ்சிவிடும்.

வால் கிழிந்து ஓரம் வெள்ளையாகிக் கரைந்தால் துடுப்பழுகல், அழுக்குத் தண்ணீர்தான் காரணம், முதலில் தண்ணீர், அது கேட்கவில்லை என்றால்தான் மருந்து. மீன் ஒருபக்கம் சாய்ந்து மிதந்தால் மூன்று நாள் பட்டினி போட்டு, அப்புறம் வேகவைத்த பட்டாணியைத் தோல் உரித்துக் கொடுங்கள். குளிரில் செரிமானமே மந்தம், நாம்தான் பாசத்தில் அள்ளிப் போடுகிறோம். பட்டாணிக்கு இங்கே பஞ்சமா என்ன.

செதில் எல்லாம் பைன் காய் மாதிரி விரிந்து வயிறு ஊதிவிட்டால் உண்மையைச் சொல்கிறேன், பிழைப்பது அபூர்வம். சிறுநீரகம் போன நிலை அது. கஷ்டப்படவிடாமல் தனிப் பாத்திரத்தில், லிட்டருக்கு பத்துச் சொட்டு கிராம்பு எண்ணெயை வெந்நீரில் குலுக்கிக் கலந்து, ஆறினதும் விட்டால் தூங்கிப்போகும். செவுள் நின்ற பிறகும் பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். மண்ணில் புதையுங்கள். பாவம் என்று உயிரோடு ஓடையிலோ ஊட்டி ஏரியிலோ விடாதீர்கள், நோயும் சேர்ந்து போகும்.

ஜூன், ஜூலையில் மரம் விழுந்து கரண்ட் போகுமே, அந்த நேரத்தில் வைத்தியம் நடந்தால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், வெந்நீர் ஊற்றி மூடின பாட்டிலை மிதக்கவிடுங்கள், பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

[காட்சி: அதே தொட்டி, வேறு நாள். வெயில். கோல்டு ஃபிஷ் கண்ணாடி அருகில் தீனிக்கு வாயைத் திறக்கிறது.]

இது பதினோராவது நாள். ஐந்தாம் நாளே புள்ளி போய்விட்டது. ஹீட்டர் இன்னும் 26இல்தான் ஓடுகிறது, உப்பும் அப்படியே இருக்கிறது. காலண்டரில் கடைசிப் புள்ளி பார்த்த தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், அதிலிருந்து பத்து நாள் எண்ணுகிறேன். வெள்ளிக்கிழமை ஹீட்டரை ஒவ்வொரு டிகிரியாக இறக்க ஆரம்பிப்பேன்.