வயலின் வாசிப்பவர்கள் தங்களுக்காக எதைக் கேட்கிறார்கள்?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமானது, சுருக்கிப் படிக்கிறேன். "சார், மூன்று வருஷமாக மேற்கத்திய செவ்வியல் வயலின் கற்றுக்கொள்கிறேன். என்ன கேட்கலாம் என்று தேடினால் எங்கே பார்த்தாலும் விவால்டி, மெண்டெல்சன், சாய்கோவ்ஸ்கி என்று அதே பத்துப் பெயர்தான் வருகிறது. வயலின் வாசிப்பவர்கள் தனியாக உட்கார்ந்து கேட்பதும் இதைத்தானா? உங்களுக்கு எது பிடிக்கும்?"

நல்ல கேள்வி. முதலில் அந்தப் பத்துப் பெயருக்காகக் கொஞ்சம் பரிந்து பேசிவிடுகிறேன். அவை எல்லாப் பட்டியலிலும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசிப்பவரும் அவற்றைக் கேட்கிறார். ஆனால் அவர் காது போய் நிற்கிற இடம் வேறு.

மெண்டெல்சனின் இ மைனர் கன்செர்ட்டோவையே, அதாவது ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கிற படைப்பையே, எடுத்துக்கொள்வோம். 1845-இல் லைப்சிக் நகரில் ஃபெர்டினாண்ட் டேவிட் முதன்முதலில் மேடையில் வாசித்தது. புதிதாகக் கேட்பவருக்கு அந்த முதல் மெட்டு போதும், மயங்கிவிடுவார். வாசிப்பவருக்கோ வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கி இரண்டாவது பாரிலேயே (தாளக் கட்டம்) வயலின் உள்ளே வந்தாக வேண்டும், அதுவும் மேல் தந்தியில், உச்சஸ்தாயியில். பீத்தோவன் கன்செர்ட்டோவில் 88 பார் சும்மா நிற்கலாம். கை சூடாகும், மூச்சு நிதானத்துக்கு வரும். மெண்டெல்சனில் அந்தச் சலுகை கிடையாது.

அதே முதல் பகுதியில் இன்னோர் இடம். தனி வயலின் மட்டும் வாசிக்கிற கடென்சா வழக்கமாகப் பகுதியின் கடைசியில் வரும். மெண்டெல்சன் அதை நடுவிலேயே வைத்துவிட்டார். அதன் முடிவில் வில் நான்கு தந்திகளின் மேலும் துள்ளித் துள்ளி ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் துள்ளல் நிற்பதற்கு முன்னாலேயே ஆர்க்கெஸ்ட்ரா சத்தமில்லாமல் முதல் மெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வரும். ஒரு நொடிக்கு முன்பு வரை கதாநாயகனாக இருந்த வயலின் இப்போது பக்கவாத்தியம்! வாசிக்கிறவர்கள் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்குத்தான். நானும்தான். அடுத்த முறை கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டு வில் எங்கே துள்ளுகிறது என்று கவனியுங்கள்.

பிடித்தது எது என்று கேட்டீர்கள் அல்லவா? எனக்கு பாக்தான். துணை வாத்தியமே இல்லாத தனி வயலினுக்கு மூன்று சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட படைப்பு), மூன்று பார்ட்டிட்டா (நடன மெட்டுகளின் வரிசை) எழுதினார். அவர் கையெழுத்துப் பிரதியில் 1720 என்று போட்டிருக்கிறது. இரண்டாவது பார்ட்டிட்டாவின் கடைசியில் சக்கோன் என்று ஒன்று வரும், கிட்டத்தட்ட கால் மணி நேரம். பிராம்ஸ் அதைப் பியானோவுக்கு மாற்றியபோது இடது கைக்கு மட்டும் எழுதினார். வயலின்காரர் படுகிற பாட்டை ஒரே கையால் வாசித்தால்தான் ஓரளவு உணர முடியும் என்று பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஆரம்பிப்பவர்களிடம் நான் சக்கோனை நீட்டுவதில்லை. முதல் சொனாட்டாவின் அடாஜியோ என்கிற மெதுவான முதல் பகுதி போதும். அதிலும் முதல் ஒலி போதும். ஜி மைனர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய நான்கு ஸ்வரம். கீழே இரண்டு தந்தியில் விரலே கிடையாது, வெறும் ஜி, வெறும் டி. ஏ தந்தியில் முதல் விரல், இ தந்தியில் இரண்டாவது விரல். பிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சிக்கல் வலது கையில். தந்திகளைத் தாங்குகிற வயலின் பாலம் வளைந்திருப்பதால் வில் ஒரே சமயத்தில் நான்கு தந்தியையும் தொட்டு நிற்காது. அதனால் அந்தக் கார்டை உடைத்தாக வேண்டும். கீழ் இரண்டு, பிறகு மேல் இரண்டு என்று உடைக்கலாம். கீழிருந்து ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போகலாம். மேல் ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, கீழ் ஜி காதில் எவ்வளவு நேரம் மிச்சமிருக்க வேண்டும், எல்லாம் வாசிப்பவர் கையில்.

இப்போது அந்த ஒரு கார்டை மட்டும் நாலைந்து வயலின் கலைஞர்களின் பதிவில் கேளுங்கள். ஆர்தர் குருமியோ, நதான் மில்ஸ்டீன், 1997-இல் தன் முதல் ஆல்பத்தையே பாக்கோடு தொடங்கிய ஹிலரி ஹான், பாக் காலத்துப் பரோக் வில்லில் வாசிக்கிற ரேச்சல் பாட்ஜர். ஐந்து நிமிஷ வேலை. ஒருவர் கார்டைக் கட்டடம் மாதிரி நிறுத்துவார், இன்னொருவர் பெருமூச்சு மாதிரி விடுவார். யார் சரி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கே மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார்.

அந்த வரிசையில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யோசெஃப் யோவாகிம். இதே அடாஜியோவை 1903-இல் பதிவு செய்திருக்கிறார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பதிவு முழுக்க இரைச்சல், எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி. முதல் தடவை கேட்டபோது நானும் பாதியிலேயே நிறுத்தியவன்தான். இரைச்சலுக்குக் காது பழகிய பிறகுதான் உள்ளே இருக்கிறவர் தெரிந்தார். விப்ராட்டோ, அதாவது விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்கவைப்பது, மிகக் குறைவு. அங்கங்கே ஒரு துளி, அவ்வளவுதான். இவர் யார் தெரியுமா? 1844-இல், பன்னிரண்டு வயதில், லண்டனில் மெண்டெல்சன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, பீத்தோவன் கன்செர்ட்டோவை வாசித்த பையன். பிராம்ஸ் தன் கன்செர்ட்டோவை எழுதியதும் இவருக்காகத்தான். மெண்டெல்சனோடு மேடை ஏறிய ஒரு கை வில்லிழுப்பதை இன்றைக்கு நாம் ஃபோனில் கேட்கிறோம் என்றால் எனக்கு இன்னமும் நம்ப முடிவதில்லை.

பீத்தோவன் பெயர் வந்ததால் ஒரு சின்ன விஷயம். பீத்தோவன், பிராம்ஸ், சாய்கோவ்ஸ்கி மூவரின் கன்செர்ட்டோவும் டி மேஜர். சிபெலியஸ் டி மைனர். இது தற்செயலாக அமைந்ததில்லை. உங்கள் வயலினை எடுத்து ஏ தந்தியில் மூன்றாவது விரலை வைத்து டி வாசித்துப் பாருங்கள். சுருதி துல்லியமாகச் சேர்ந்தால், நீங்கள் தொடாத டி தந்தி தானாக அதிரும். கண்ணாலேயே பார்க்கலாம். கொஞ்சம் பிசகினால் அது சும்மா கிடக்கும். ஜி, டி, ஏ, இ என்று தந்தி கட்டிய வாத்தியத்தில் டி-யை மையமாக வைத்தால் பெட்டி முழுக்கப் பேசும். ஆல்பன் பெர்க் 1935-இல் எழுதிய கன்செர்ட்டோவில் வயலின் நுழைவதே விரல் வைக்காத இந்த நான்கு தந்தியை வரிசையாகத் தொட்டுக்கொண்டுதான். புது இசை என்றாலே ஓடுகிறவர்கள் அந்த முதல் நிமிஷத்தையாவது கேட்கலாம். முதல் பாடத்தில் நாம் இழுத்த அதே நான்கு ஒலி.

வாசிப்பவர்களிடையே ரொம்பப் புழங்குகிற, பட்டியல்களில் அவ்வளவாக வராத இன்னொரு பெயர் இசாயி. பெல்ஜியக்காரர். 1923-இல் தனி வயலினுக்கு ஆறு சொனாட்டா எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வயலின் கலைஞருக்குச் சமர்ப்பித்தார். இரண்டாவது சொனாட்டா பாக்கின் இ மேஜர் பார்ட்டிட்டாவை அப்படியே எடுத்து வாசிப்பதில் தொடங்கும். இரண்டு இசை வாக்கியம் போனதும் கோபம் வந்த மாதிரி அதை உதறும். மறுபடி பாக், மறுபடி உதறல். காலையில் பயிற்சிக்கு உட்கார்ந்து பாக் பிடிபடாமல் எரிச்சல்பட்ட யாருக்கும் இது என்னவென்று புரியும். அதற்குத் தலைப்பே 'ஆட்டிப்படைக்கும் நினைவு' என்கிற பொருளில்தான் வைத்திருக்கிறார்.

சிபெலியஸ் கன்செர்ட்டோவுக்கு வயலின் கலைஞர் ஜினெட் நெவோவின் 1945 பதிவு. கேளுங்கள், விளக்கம் தேவைப்படாது.

அப்புறம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த வயலின்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் வயலினே கேட்பதில்லை. நாள் முழுக்கக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இழுத்த வாத்தியத்தை ராத்திரியும் யார் கேட்பார்கள்? பாடகர்களைக் கேட்கிறார்கள், ஷூபர்ட் பாட்டுகள் மாதிரி. ஒரு வாக்கியத்தில் எங்கே மூச்சு எடுப்பது என்று பாடகரிடம்தான் கற்க முடியும். நமக்கு மூச்சு முட்டாது, அதனாலேயே நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போய்விடுகிறோம். இன்னும் சிலர் பீத்தோவனின் கடைசிக்காலக் குவார்ட்டெட்களில் (நான்கு வாத்தியங்களுக்கானவை) விழுந்து கிடக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிக்கிற காலத்தில் புரூக்கின் ஜி மைனர் கன்செர்ட்டோவை ஒரே ஒரு பதிவில் இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன், வயலின் மேதை ஹைஃபெட்ஸ் வாசித்தது. வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஆசிரியர் நடுவில் நிறுத்தி, "இந்த வழுக்கல் எங்கிருந்து வந்தது?" என்றார். தாளில் அப்படி ஒன்றும் இல்லை. ஹைஃபெட்ஸ் விரலை நகர்த்துகிற விதம் எனக்குத் தெரியாமலே என் கையில் ஒட்டியிருந்தது. அவருக்கு அது அழகு. என் கையில் பூனை கத்திய மாதிரி இருந்திருக்கும். அதை உதிர்க்க மூன்று மாதம் ஆனது. அதனால் நீங்கள் இப்போது கற்றுக்கொண்டிருக்கிற பாடத்தை மட்டும் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பீபர் என்கிற இசையமைப்பாளரின் பாஸகாலியா. பாக் பிறப்பதற்கு முன்பே, 1676 வாக்கில் எழுதியது. ஜெபமாலை சொனாட்டாக்கள் என்ற தொகுப்பின் கடைசி உருப்படி. அந்தத் தொகுப்பில் ஒவ்வொன்றுக்கும் தந்திகளை வேறு வேறு சுருதிக்கு மாற்றிக் கட்டச் சொல்வார், ஒன்றில் நடுத் தந்தி இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். முதலும் கடைசியும் மட்டும் வழக்கமான சுருதி. பாஸகாலியாவில் இறங்குகிற நான்கு ஸ்வரம், ஜி, எஃப், இ ஃப்ளாட், டி. 65 தடவை திரும்பத் திரும்ப அதே நான்கு. அதன் மேலே ஒரே ஒரு வயலின் என்னென்னவோ கட்டிக்கொண்டே போகும். முதல் தடவை அந்த நான்கையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கேளுங்கள். பாதியில் ஓரிடத்தில் அது எங்கே போனது என்று தொலைத்துவிடுவீர்கள், எல்லோரும் தொலைப்பார்கள். எந்த இடம் என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தொலைகிற இடம்தானா என்று பார்க்கிறேன். சரி, அடுத்த கேள்வி, வில்லுக்கு ரோசின் எத்தனை நாளுக்கு ஒருமுறை தேய்ப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.