லத்தீன்ல இருந்தா ரோமா?

வணக்கம் நேயர்களே. பேப்பர்ல "ஆட்கொணர்வு மனு"ன்னு அடிக்கடி பாக்குறோம்ல, அடைச்சு வச்சிருக்குற ஆளை கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேக்குற மனு, அதுக்கு கோர்ட்ல ஹேபியஸ் கார்பஸ்னு பேரு. லத்தீன் பேரா இருக்கே, அப்போ ரோமாபுரி சரக்குதான்னு நானும் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லைங்க, அது இங்கிலாந்துல பொறந்தது. அங்க கோர்ட் ரெக்கார்டெல்லாம் 1733 வரைக்கும் பெரும்பாலும் லத்தீன்லதான் எழுதுனாங்க, ராஜா பேர்ல போற உத்தரவுல "ஆளைக் கொண்டு வா"ன்னு வர்ற அந்த ரெண்டு வார்த்தையே அதுக்குப் பேரா ஒட்டிக்கிச்சு. நம்ம அரசியல் சாசனம் 32வது பிரிவுல வர்ற மேண்டமஸ் (அதிகாரியை அவரோட கடமையைச் செய்யச் சொல்ற உத்தரவு), கோ வாரண்டோ (எந்த உரிமையில இந்தப் பதவியில இருக்கேன்னு கேக்குற உத்தரவு) இதெல்லாமும் அந்த வழியா வந்ததுதான்.

அதுக்காக ரோம்ல இந்த மாதிரி எதுவுமே இல்லைன்னு சொல்லிட முடியாது. அடிமையா இல்லாத ஒருத்தரை யாராவது அடைச்சு வச்சா, "வெளிய கொண்டுவந்து காட்டு"ன்னு பிரீட்டர்ங்கிற அதிகாரி உத்தரவு போடுவாரு. என்ன, பேரு வேற.

அசல் ரோம் சரக்கு பாக்கணும்னா இலங்கைக்குப் போகணும். பழைய ரோமச் சட்டத்தை அடிப்படையா வச்சு உருவான ரோமன் டச்சு சட்டத்தை டச்சுக்காரங்க அங்க கொண்டுவந்தாங்க, அதை பிரிட்டிஷ்காரங்களும் அப்படியே விட்டுட்டாங்க, அதனால ஒருத்தரோட கவனக்குறைவால நஷ்டம் ஆச்சுன்னு அங்க வழக்கு போட்டா இன்னைக்கும் அதுக்கு அக்குவிலியன் ஆக்‌ஷன்னுதான் பேரு. அக்குவிலியாங்கிற சட்டம் கி.மு. மூணாம் நூற்றாண்டுல வந்ததுன்னு சொல்றாங்க.

அந்தச் சட்டத்தைப் பத்தி அல்பியன்னு ஒரு ரோம சட்ட அறிஞர் எழுதுனது, ஜஸ்டினியன்ங்கிற பேரரசர் 533ல வெளியிட்ட டைஜஸ்ட்ங்கிற சட்டத் தொகுப்புல இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸு. நாலு பேரு பந்து விளையாடுறாங்க, ஒருத்தன் ஓங்கி அடிக்கிறான், பந்து போய் ஒரு சவரக்காரர் கையில படுது, கத்தி வழுக்கி சேர்ல உக்காந்திருந்த அடிமையோட கழுத்து அறுந்துடுச்சு. தப்பு யாருது? பந்து அடிச்சவனா, இல்ல எப்பவும் பந்து பறக்குற இடத்துல கடை போட்ட சவரக்காரரா? அவருமேலயும் தப்பு இருக்குன்னு சொல்லிட்டு அல்பியன் இன்னொண்ணும் சேத்துக்கிறாரு, அந்த மாதிரி இடத்துல போய் கழுத்தைக் குடுத்தவன் தன்னைத்தான் நொந்துக்கணும்னு.

படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனா கழுத்து அறுபட்டவன் அடிமை, அவன் செத்ததுக்கு நஷ்ட ஈடு கேக்குற உரிமை அவனோட எஜமானுக்குத்தான்.