பீட்ரூட் சாயமும் ஐம்பது சென்ட் எண்ணெயும்

நேயர்களுக்கு வணக்கம்.

பீட்ரூட் நறுக்கும்போது கையும் சிவக்கும், பலகையும் சிவக்கும், கழுவுகிற தண்ணீரும் சிவக்கும். இது எல்லாருக்கும் தெரியும். அந்தத் துண்டுகளை இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிவிட்டு, மறுபடியும் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் அவ்வளவாகச் சாயம் ஏறியிருக்காது. இப்போது அதே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கக்கூட வேண்டாம். கை வைக்க முடியாத சூடு வந்தாலே போதும், துண்டுகளிலிருந்து சிவப்பு கோடு கோடாக இறங்க ஆரம்பிக்கும்.

முதலில் வந்த சிவப்பு, கத்தி கிழித்த செல்களுடையது. கத்தி படாத செல்கள் சாயத்தை விடவில்லை. இத்தனைக்கும் அந்தச் சாயம் தண்ணீரில் சுலபமாகக் கரையக்கூடியது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். நடுவில் நின்று அதைப் பிடித்து வைத்திருந்தது எது? சூடு ஏறியதும் விட்டுக்கொடுத்தது எது?

செல் சவ்வு. இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். செல் சுவர் அல்ல, கவனியுங்கள். செடி கொடிகளின் செல்லுக்குச் சுவரும் உண்டு. அது நாரால் ஆனது, சாயம் அதன் வழியாகத் தாராளமாகப் போய்வரும். தடுப்பது உள்ளே இருக்கிற சவ்வு. அதன் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்து, அதில் ஐந்து பங்கை எடுத்துக்கொண்டால் அவ்வளவுதான். அதன் அடிப்படைச் சரக்கு எண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. லிப்பிடு என்கிறோம். தண்ணீருக்கும் தண்ணீருக்கும் நடுவே எண்ணெய்.

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய காலத்தில் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போடாமல் நான் நடத்தியதே இல்லை. வானொலியில் அதற்கு வழியில்லை. அதனால் கதை சொல்கிறேன்.

இடியும் மழையுமான நாளில் பட்டம் விட்டவர் என்று பள்ளியில் படித்தோமே, பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அவரிடமிருந்து தொடங்குவோம். 1757-இல் அவர் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். கூடவே ஒரு கப்பல் கூட்டம், மொத்தம் 96. எல்லாக் கப்பலுக்கும் பின்னால் அலை கொந்தளிக்க, இரண்டு கப்பல்களுக்குப் பின்னால் மட்டும் கடல் வழவழவென்று இருக்கிறது. இது என்ன என்று கேப்டனைக் கேட்டிருக்கிறார். சமையல்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள், வேறென்ன என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மாலுமிகளுக்கு இது பழைய சங்கதி.

ஃபிராங்க்ளின் அதை மறக்கவில்லை. பிற்பாடு லண்டனில், கிளாப்பம் என்ற இடத்தில் ஒரு குளம். காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு தேக்கரண்டி எண்ணெயை அதில் விட்டார். எண்ணெய் ஓடியது, ஓடியது, கண்ணெதிரே பரவிக்கொண்டே போனது. குளத்தின் அந்தப் பகுதி முழுக்க அலை அடங்கிவிட்டது. அரை ஏக்கர் இருக்கும் என்று எழுதுகிறார். அதன் பிறகு மூங்கில் கைத்தடியின் மேல் கணுவுக்குள் கொஞ்சம் எண்ணெய் வைத்துக்கொண்டே திரிந்தாராம், எங்கே குளம் கண்டாலும் செய்து பார்க்க! 1774-இல் லண்டன் விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் இதெல்லாம் அச்சாகியிருக்கிறது.

அரை ஏக்கர் என்றால் நமக்கு ஐம்பது சென்ட். ஒரு தேக்கரண்டி ஐந்து மில்லி. ஐந்து மில்லி எண்ணெயை ஐம்பது சென்ட்டில் பரப்பினால் எவ்வளவு தடிமன் வரும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. கன அளவைப் பரப்பளவால் வகுத்தால் இரண்டரை நானோமீட்டர். ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறின் உயரம். ஆனால் ஃபிராங்க்ளின் அந்த வகுத்தலைப் போடவில்லை. எண்ணெய்ப் படலத்தின் தடிமனை இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு ஒழுங்காக அளந்தது 1890-இல். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கு போடப்படாமலே கிடந்தது.

இந்த இடத்தில்தான் என் கதாநாயகி வருகிறார். நேரம் போனாலும் பரவாயில்லை, இவரைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். ஆக்னஸ் போக்கெல்ஸ். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊர். 1862-இல் பிறந்தவர். இயற்பியல் படிக்க ஆசை, ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மாட்டார்கள். தம்பி படிக்கப் போனான். இவர் உடம்பு சரியில்லாத பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டு வீட்டில். கழுவுகிற தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தார். நாமும் தினம் பார்க்கிறோம். பார்த்துவிட்டு சாக்கடையில் ஊற்றிவிடுகிறோம்.

அவர் என்ன செய்தார்? நீளவாக்கில் ஒரு தகரத் தொட்டி, விளிம்பு வரை தண்ணீர். குறுக்கே ஒரு தகரப் பட்டை. அந்தப் பட்டையை நகர்த்தினால் மேற்பரப்பை நீட்டலாம், சுருக்கலாம். மேற்பரப்பு எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்று அளக்க, ஒரு தராசின் கையில் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை. அதைத் தண்ணீரில் ஒட்டவிட்டு, பிய்த்து எடுக்க எவ்வளவு எடை தேவை என்று பார்ப்பது. அவ்வளவுதான் ஆய்வுக்கூடம். பரப்பைச் சுருக்கிக்கொண்டே வந்தால் ஒரு குறிப்பிட்ட இடம் வரை ஒன்றும் மாறவில்லை, அதைத் தாண்டியதும் சட்டென்று மாறியது. எண்ணெய் மூலக்கூறுகள் தோளோடு தோள் முட்டிக்கொள்கிற கணம் அது.

இதைக் கேட்க உள்ளூரில் ஆள் இல்லை. பத்து வருஷம் கழித்து, 1891 ஜனவரியில், ராலேக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் போட்டார். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிற கடிதம். ராலேயின் மனைவி அதை மொழிபெயர்த்தார். ராலே பெரிய மனிதர். நான் ஏற்கெனவே செய்துவிட்டேன் என்று மூடி வைக்காமல், நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு அனுப்பி, அதே ஆண்டு மார்ச்சில் அச்சேற்ற வைத்தார். அந்தத் தகரத் தொட்டியை மேம்படுத்தி வேலை செய்த இர்விங் லாங்மியூர் 1932-இல் நோபல் பரிசு வாங்கினார். தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆக்னஸுக்கு அதே 1932-இல், எழுபது வயதில், சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தத் தொட்டியை நான் போக்கெல்ஸ் தொட்டி என்றுதான் சொல்லுவேன், தேர்வில் அப்படி எழுதிய மாணவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

சரி, சவ்வுக்கு வருவோம். 1925, நெதர்லாந்தில் லெய்டன். கோர்ட்டர் ஒரு குழந்தை மருத்துவர், கூட கிரென்டல். ரத்தச் சிவப்பணுக்களை எடுத்தார்கள். ஏன் சிவப்பணு? அதற்குள் உட்கருவும் இல்லை, வேறு சவ்வும் இல்லை. அதில் கிடைக்கிற லிப்பிடு எல்லாமே வெளிச்சவ்வுக்குச் சொந்தம். அதை அசிட்டோன் என்ற கரைப்பானில் கரைத்து இறக்கி, அதே மாதிரித் தொட்டியில் தண்ணீர் மேல் பரப்பி அளந்தார்கள். செல்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆடு, முயல், நாய், மனிதன், எதுவானாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படியானால் சவ்வு இரண்டு அடுக்கு!

இதில் வேடிக்கை என்னவென்றால், லிப்பிடு முழுவதையும் அவர்கள் இறக்கவில்லை. செல்லின் பரப்பையும் குறைத்துத்தான் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, விடை சரியாக வந்துவிட்டது. நாற்பது வருஷம் கழித்துத்தான் இது வெளிப்பட்டது. கணக்கில் ஓட்டை இருந்தாலும் முடிவு நின்றுவிட்டது.

இரண்டு அடுக்கு ஏன்? சவ்வின் லிப்பிடு மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். பாஸ்பேட் இருக்கிற தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். கொழுப்பு அமிலங்களான வால்களுக்குத் தண்ணீர் ஆகாது. முட்டை மஞ்சள் கருவில் இருக்கிற லெசித்தின் இந்த ரகம்தான். இப்படிப்பட்ட கோடிக்கணக்கான மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால், வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்க்க, தானாகவே இரட்டை அடுக்கு அமைந்துவிடுகிறது. பசை கிடையாது. தையல் கிடையாது. ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன, அந்தப் பிடியில் சேர முடியாத வால்களை ஒதுக்கித் தள்ளுகின்றன. சவ்வை நிறுத்தி வைத்திருப்பது தண்ணீர்தான் என்றுகூடச் சொல்லலாம்.

பசை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பசை இல்லாததால்தான் ஓட்டை விழுந்தால் தானே மூடிக்கொள்கிறது. விளிம்பு திறந்திருந்தால் வால்கள் தண்ணீரில் படும். அதனால் ஓரம் ஓரத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்துவிடும். கருத்தரிப்பு மையங்களில் மெல்லிய ஊசியால் கருமுட்டையைக் குத்தி, விந்தணு ஒன்றை உள்ளே விடுகிறார்கள். ஊசியை உருவியதும் முட்டைச் சவ்வு மூடிக்கொள்கிறது. தையல் போடுவதில்லை.

இரண்டு வால் என்றேன். ஒரே வால் இருந்தால்? அதுதான் சோப்பு. ஒரு வால் மூலக்கூறு தலை பருத்து வால் குறுகி இருப்பதால், தட்டையான அடுக்காக நிற்காமல் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். சவ்வுக்குள் அது நுழைந்தால் அடுக்கு குலைந்துவிடும். கொரோனா வைரஸின் மேலுறையும் இரட்டை லிப்பிடு அடுக்குதான். இருபது நொடி சோப்புப் போடுங்கள் என்று நம்மைப் படுத்தியதன் காரணம் இதுவே.

பாம்பு இன்னும் தந்திரசாலி. அது சோப்பைக் கொண்டுவருவதில்லை, நம் லிப்பிடையே சோப்பாக்கிவிடுகிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் இவற்றின் நஞ்சில் பாஸ்போலிப்பேஸ் என்றொரு நொதி உண்டு. அது லெசித்தினின் இரண்டு வாலில் ஒன்றை வெட்டிவிடும். மிச்சம் இருப்பது ஒரு வால். சோதனைக் குழாயில் சிவப்பணுக்களோடு கொஞ்சம் லெசித்தினும் நஞ்சும் சேர்த்தால், கலங்கலாக இருந்த திரவம் தெளிந்து சிவப்பாகிவிடும். செல்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். நஞ்சில் இது ஒரு பகுதிதான், ஆளைச் சாய்க்க அதில் வேறு சரக்கும் இருக்கிறது. முறிமருந்துக்கு வேண்டிய நஞ்சை மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம்.

அடுத்தது, சவ்வு அசையாமல் நிற்கிற பொருள் அல்ல. தேரோடும் வீதியில் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆளோடு இடம் மாறிக்கொண்டே இருக்கலாம், தலைகீழாக மட்டும் நிற்க முடியாது. லிப்பிடும் அப்படித்தான். பக்கத்து மூலக்கூறோடு நொடிக்கு ஏறக்குறைய ஒரு கோடி தடவை இடம் மாறும். ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தானாகக் குட்டிக்கரணம் போடுவது மிக அபூர்வம். 1970-இல் ஃப்ரை, எடிடின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலி செல்லையும் மனித செல்லையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சவ்வில் புரதங்களும் பதிந்திருக்கும். ஆரம்பத்தில் ஒரு பாதியில் எலிப் புரதம், மறு பாதியில் மனிதப் புரதம். நாற்பது நிமிஷத்தில் இரண்டும் சவ்வு முழுக்கக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தால் கலக்கவில்லை.

குளிர் என்றதும் தேங்காய் எண்ணெய். மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் ஓடும். தேங்காய் எண்ணெயின் வால்கள் நேரானவை, நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் வால்களில் மடிப்பு இருக்கிறது, அடுக்க விடாது. குளிர்கடல் மீன்கள் சவ்வில் மடிப்பு வால்களைக் கூட்டி வைத்திருக்கின்றன. வாழைக்கு அந்தப் பழக்கம் இல்லை, அது வெப்பநாட்டுப் பிறவி. ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கிறதே, அது அழுகல் அல்ல. சவ்வு விறைத்துக் கசிந்து, தனித்தனியாக அடைபட்டிருந்த நொதியும் பீனால் என்ற வேதிப்பொருள்களும் கலந்து கறுக்கின்றன. உள்ளே பழம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தூக்கிப் போடாதீர்கள்.

கொலஸ்ட்ராலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து அதைப் பகையாளி ஆக்கிவிட்டோம். ரத்தத்தில் மிஞ்சினால் கெடுதிதான், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் கொலஸ்ட்ரால் நிறைய இருக்கிறது, இருந்தாக வேண்டும். சூட்டில் வால்களை அதிகம் ஆட விடாது, குளிரில் ஒன்றோடொன்று இறுகவும் விடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். புரதங்களுக்கென்று பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், ஆக்னஸ் அம்மையார் எடுத்துக்கொண்டுவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பும் சர்க்கரையும் எண்ணெய் அடுக்கைத் தாண்ட முடியாது, அதற்குத் தனி வழி வேண்டும். அந்த வழிகள்தான் சவ்வில் பதிந்த புரதங்கள். குடலில் இருக்கிற ஒரு புரதம், சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். இரண்டும் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில் மற்றதெல்லாம் கெட்டாலும் இந்த வழி கெடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் வந்து தங்கிய மேற்கு வங்கத்துப் பொங்கான் முகாமில், திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதுதான். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், குழந்தைக்கு உப்பு கரிக்கிறது என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், ருசிக்காகச் சர்க்கரையும் சேர்க்காதீர்கள்.

இதே லிப்பிடு அடுக்கால் ஆன குட்டி உருண்டைக்குள் மருந்தை வைத்துத் தருகிற லிபோசோம் மருந்துகளைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், நேரமில்லை. நன்றி, வணக்கம்.